பெரியம்மாவின் மரு

வியர்வையைப் பற்றி நல்ல வார்த்தை சொல்பவர்கள் அபூர்வம். சித்திரை மாதத்துச் சென்னையில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போது எனக்கும் அதன் மீது பிரியம் உண்டாவதில்லை. ஆனால் வியர்வை இல்லாவிட்டால் நம் உடம்பு உலை போலக் கொதித்துப் போகும். இந்தத் தொண்டைச் செய்வதற்காக நம் சருமத்தில் 20 முதல் 40 லட்சம் சுரப்பிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தோலுக்கடியில் சுருண்டு கிடக்கும் சின்னஞ்சிறு குழாய். அதன் வாய் தோலின் மேற்புறத்தில் திறக்கிறது. இத்தனை லட்சம் குழாய்களில் ஏதோ ஒன்றில் புற்று நோய் உண்டாகலாம் என்பதை எங்கள் வீட்டுக்குச் சொல்லிக் கொடுத்தது பெரியம்மாவின் கால்தான்.

பெரியம்மாவுக்கு அப்போது வயது 68. வலது கணுக்காலுக்குச் சற்று மேலே சிவப்பாக ஒரு மரு, துவரம் பருப்பு அளவில், பத்துப் பன்னிரண்டு வருஷமாக இருந்து வந்தது. சுண்ணாம்பு வைத்துப் பார்த்தாள். தலைமயிரைக் கட்டிப் பார்த்தாள். மரு அசையவில்லை. "அது பாட்டுக்கு இருக்கட்டும். சோறா கேட்கிறது?" என்று விட்டு விட்டாள்.

2023-ஆம் வருஷம் தை மாதத்துக்குப் பிறகு அது வளரத் தொடங்கியது. ஐந்தாறு மாதத்தில் சுண்டைக்காய் அளவு ஆயிற்று. புடைவைக் கரை உரசினாலே ரத்தம் கசிந்தது. டாக்டர் ஒருவர், "மருதானே, சுட்டு விடலாம்" என்று மின்சாரக் கருவியால் சுட்டு எடுத்தார். எடுத்த துண்டு குப்பைக் கூடைக்குப் போயிற்று. நான்கே மாதத்தில் அதே இடத்தில், முன்னைவிடப் பெரிதாக, மரு மறுபடியும் ஆஜர்!

இந்தத் தடவை தோல் வைத்திய நிபுணரிடம் அழைத்துக் கொண்டு போனேன். "எத்தனை நாளாக இருக்கிறது? எப்போது வளர ஆரம்பித்தது? தானாக ரத்தம் வந்ததா?" என்று மூன்றே கேள்விகள் கேட்டார். பிறகு மரத்துப் போக ஊசி போட்டு, ஒரு சிறு துண்டை வெட்டி எடுத்துப் பயாப்ஸி பரிசோதனைக்கு அனுப்பினார்.

முடிவு வரப் பத்து நாள் ஆயிற்று. தோலில் அடிக்கடி காணப்படும் வேறொரு புற்று நோயைப் போலவே இதுவும் மைக்ராஸ்கோப்பில் தோற்றமளிக்குமாம். ஆகையால் விசேஷச் சாயங்கள் ஏற்றிப் பார்க்க வேண்டியிருந்தது. சாயம் ஏறியதும் நோய்த் திசுவுக்குள் நுண்ணிய குழல்கள் புலப்பட்டன. வியர்வைக் குழாயின் சாயல்! அதுதான் துப்பு. நோயின் பெயர் போரோகார்ஸினோமா. 'போரோஸ்' என்றால் கிரேக்க மொழியில் வழி என்று பொருள். 1963-ல் பிங்கஸ், மெஹ்ரெகான் என்ற இரு டாக்டர்கள் இதை முதன் முதலில் விவரித்தார்கள். 1969-ல் மிஷிமா, மோரியோகா என்பவர்கள் இந்தப் பெயரைச் சூட்டினார்கள். தோல் கட்டிகளில் பத்தாயிரத்தில் ஒன்று இதுவாக இருந்தால் அதிகம். பெரும்பாலும் வயதானவர்களுக்குத்தான் வருகிறது, கால்களில் அதிகம். பல வருஷம் சாதுவாக இருந்த கட்டியே சிலருக்கு இப்படிக் குணம் மாறி விடுகிறது.

வீட்டில் ரகசிய மகாநாடு கூடியது. "அம்மாவிடம் சொல்லக் கூடாது. பயத்திலேயே போய் விடுவாள்" என்றார் பெரியம்மாவின் பிள்ளை. மரு எடுக்கிறோம் என்று மட்டும் சொல்லும்படி எனக்கு உத்தரவு. எனக்கு மனசு ஒப்பவில்லை. கால் அவளுடையது; கத்தி படப் போவது அவள் மேல்; சம்மதக் கையெழுத்துப் போட வேண்டியவளும் அவள்தானே?

மூன்றாம் நாள் அவளே கேட்டாள்: "ஏண்டி, ஒரு மருவை எடுக்க வயிறு, தொடையெல்லாம் எதற்கு ஸ்கான் எடுக்கிறார்கள்?"

சொல்லி விட்டேன். பெரியம்மா சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "இவ்வளவுதானா? இரண்டு நாளாய் என் முகத்தைப் பார்க்காமல் எல்லாரும் சாதம் போட்டீர்களே, அதைப் பார்த்து நான் இதைவிடப் பெரிசாய் அல்லவா நினைத்துக் கொண்டிருந்தேன்!" என்றாள். அன்று ராத்திரி அவள் தூங்கினாள், நாங்கள்தான் தூங்கவில்லை.

காலில் வரும் இந்த நோய் பரவினால், தொடை இடுக்கில் நெறி கட்டும் இடத்துக்குத்தான் பெரும்பாலும் முதலில் போகும். நல்ல வேளை, ஸ்கானில் அங்கே ஒன்றும் தென்படவில்லை. மருவைச் சுற்றி 2 சென்டிமீட்டர் நல்ல தோலையும் சேர்த்து அகலமாக வெட்டி எடுத்தார்கள். தொடையிலிருந்து மெல்லிய தோலைச் சீவி அந்த இடத்தில் ஒட்டுப் போட்டார்கள். வெட்டிய துண்டின் விளிம்புகளைப் பரிசோதித்ததில், நோய் எந்தப் பக்கமும் மிச்சமில்லை என்று எழுதி வந்தது.

மூக்கிலோ கண் இமையிலோ வந்தால் அவ்வளவு தோலுக்கு எங்கே போவது? அதற்கும் ஒரு வழி இருக்கிறது. அமெரிக்காவில் விஸ்கான்ஸின் சர்வகலாசாலையைச் சேர்ந்த பிரெடரிக் மோஸ் என்பவர் 1930-களில் உருவாக்கிய முறை அது. மெல்லியதாக ஓர் அடுக்கை எடுத்து, அதன் அடிப்புறத்தையும் விளிம்பையும் அப்போதே மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். எந்த மூலையில் நோய் பாக்கியோ அந்த மூலையில் மட்டும் மறுபடியும் எடுப்பார்கள். நல்ல தோல் வீணாவதில்லை.

இதோடு கவலை தீர்ந்தது என்று சொல்வதற்கில்லை. ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இந்நோய் அதே இடத்தில் திரும்பி வந்திருப்பதாக வைத்தியப் பத்திரிகைகள் சொல்கின்றன. உடம்பில் பரவி விட்டால், இன்ன மருந்துதான் சிறந்தது என்ற தீர்மானமான முடிவும் இல்லை. நோய் அத்தனை அபூர்வமாயிருக்கும்போது பெரிய ஆராய்ச்சி நடத்த நோயாளிகள் எங்கே கிடைப்பார்கள்? ஆகவே குறித்த நாளில் பெரியம்மா டாக்டரிடம் போய்த் தழும்பையும் தொடை இடுக்கையும் காட்டி வருகிறாள். இது வரையில் நோய் தலைகாட்டவில்லை.

உங்கள் வீட்டிலும் யாருக்காவது மரு இருக்கலாம். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது மருக்கள் பரம சாதுக்கள்; அவற்றைக் கண்டு நடுங்க வேண்டாம். ஆனால் வெகு நாளாகச் சும்மா இருந்தது திடீரென்று வளர்ந்தாலும், புண்ணானாலும், தொட்டால் ரத்தம் வந்தாலும், எடுத்த பிறகு திரும்பி வந்தாலும் டாக்டரிடம் காட்டி விடுங்கள். சுண்ணாம்பு வேண்டாம். முக்கியமாக, டாக்டர் எதை வெட்டி எடுத்தாலும், "இந்தத் துண்டைப் பரிசோதனைக்கு அனுப்புகிறீர்கள் அல்லவா?" என்று கேட்கத் தயங்காதீர்கள்.