தொட்டால் மட்டும் மவுண்ட்

திங்கள்

கல்லூரி ஒன்றின் கணினி ஆய்வகம். மாணவர் எந்த இருக்கையில் உட்கார்ந்து லாகின் செய்தாலும் அவருடைய கோப்புகள் அங்கே இருக்க வேண்டும். லினக்ஸ் கணினிகளில் அதற்கு வழிசெய்யும் பொறுப்பு நிர்வாகியிடம் வந்திருக்கிறது.

இது பழைய ஆசை. எம்.ஐ.டி.யில் 1983இல், டெக், ஐ.பி.எம். நிறுவனங்களின் துணையோடு தொடங்கிய அதீனா திட்டம் இதைச் செய்துகாட்டியது. மாணவர் லாகின் செய்ததும், அவருடைய ஹோம் ஃபோல்டர் எந்த சர்வரில் இருக்கிறது என்று ஹெசியாட் என்ற பெயர்ச் சேவையிடம் கணினி கேட்கும். பதில் வந்ததும் அட்டாச் என்ற கட்டளை அதை மவுண்ட் செய்யும். பாஸ்வேர்டை நெட்வொர்க்கில் அனுப்பாமலே ஆளை உறுதிசெய்யும் கெர்பராஸ் பிறந்ததும் அங்கேதான்.

செவ்வாய்

விண்டோஸில் லாகின் ஸ்கிரிப்டில் ‘நெட் யூஸ்’ என்று ஒரு வரி எழுதினால் எச் டிரைவ் வந்துவிடும். அதே பழக்கத்தில் நிர்வாகி முதலில் எழுதியது, மாணவரின் பேஷ் புரொஃபைலில் ஓடும் ஒரு ஸ்கிரிப்ட். அது ஓடவே இல்லை. மவுண்ட் செய்ய ரூட் உரிமை வேண்டும் என்பது இரண்டாவது சிக்கல். முதல் சிக்கல், அந்த ஸ்கிரிப்ட் இருப்பதே இன்னும் மவுண்ட் ஆகாத ஹோமுக்குள். சாவியை உள்ளே வைத்து வீட்டைப் பூட்டிய கதை.

புதன்

அடுத்தது பாம் மவுண்ட். மாணவர் பாஸ்வேர்டு தட்டும்போதே அதை வாங்கி வைத்துக்கொண்டு, செஷன் தொடங்கும் கட்டத்தில் ரூட் உரிமையோடு மவுண்ட் செய்யும் மாட்யூல் இது. ஒரே ஆள் இரண்டாவது முறை லாகின் செய்தால் கணக்கை ஒன்று கூட்டிக்கொள்ளும். கடைசி செஷன் முடிந்த பிறகே அன்மவுண்ட். சம்பா சர்வரில் உள்ள ஃபோல்டர்களுக்கு நன்றாகப் பொருந்துகிறது.

எஸ்.எஸ்.எச். சாவியோடு வருபவரிடம்தான் மாட்டிக்கொள்கிறது. அவர் பாஸ்வேர்டு தட்டுவதே இல்லை. பாம் மவுண்டுக்குக் கையில் எதுவும் கிடைப்பதில்லை. போதாததற்கு, அவருடைய பொதுச்சாவி வழக்கமாக இருக்கும் இடமும் அதே ஹோமுக்குள்.

வியாழன்

ஆட்டோஎஃப்எஸ். லாகினைப் பற்றி இது கவலைப்படுவதே இல்லை. யாராவது அந்தப் பாதையைத் தொட்டால் மவுண்ட் செய்யும். கொஞ்ச நேரம் யாரும் தொடாவிட்டால் தானே கழற்றிவிடும். பல இடங்களில் அந்த நேரம் 300 விநாடி. 1980களின் இறுதியிலேயே சன் நிறுவனத்தின் யூனிக்ஸில் வந்துவிட்ட எண்ணம் இது.

ஆட்டோ மாஸ்டர் கோப்பில் ஒரு வரி: ஹோம் என்ற பாதைக்கு எந்த வரைபடக் கோப்பைப் பார்க்க வேண்டும் என்று. அந்த வரைபடத்திலும் ஒரே வரிதான். இடப்பக்கம் நட்சத்திரக் குறி; வலப்பக்கம் சர்வரின் பெயரும் பாதையும், பாதையின் கடைசியில் & குறி. தொடப்பட்ட பெயர் எதுவோ அது & இருக்கும் இடத்தில் போய் உட்காரும். ஆயிரம் மாணவர்கள் சேர்ந்தாலும் கோப்பில் கை வைக்க வேண்டாம். எஸ்.எஸ்.எச். சாவியைத் தேடி சர்வீஸ் ஹோமைத் தொட்டாலும் மவுண்ட் ஆகிவிடுகிறது. பொது ஆய்வகத்துக்கு இதைவிடத் தெளிவான வழி இல்லை. லாகின் ஸ்கிரிப்டைக் கைவிடத் தயங்கவே வேண்டாம்.

வெள்ளி

மிச்ச வேலை எண்களில். ஹோம்களை நெட்வொர்க்கில் பகிரும் என்.எஃப்.எஸ். சர்வர் பழைய முறையில் இயங்கினால் பெயரைப் பார்ப்பதில்லை, யூசர் எண்ணைத்தான் நம்புகிறது. ஒரு மாணவிக்கு இந்தக் கணினியில் 1001, அடுத்த கணினியில் 1004 என்றிருந்தால், அங்கே அவருடைய கோப்புகள் வேறொருவருக்குச் சொந்தமாகிவிடும். அதனால் எண்கள் எல்லாம் ஒரே எல்டாப் டைரக்டரியிலிருந்து வர வேண்டும். ரூட்டாக ஓடும் ஸ்கிரிப்டும் ஏமாறும்: ரூட் ஸ்குவாஷ் இருக்கும் சர்வர், வந்திருப்பவர் ரூட் என்றால் அவரை அடையாளமற்ற சாதாரண யூசராக இறக்கிவிடும். புதிய மாணவருக்கு ஹோம் உருவாக்கும் ஸ்கிரிப்டை சர்வரிலேயே ஓட்டுவதுதான் முறை.

சர்வர் படுத்துவிட்டால்? ஹார்டு மவுண்ட் பதில் வரும்வரை காத்துக் கிடக்கும். திரை உறைந்து நிற்கும். சாஃப்ட் மவுண்ட் பிழை சொல்லித் திரும்பிவிடும், ஆனால் எழுதிக்கொண்டிருந்த கோப்பு கெடலாம். ஹோமுக்கு ஹார்டுதான் சரி.

சனி

சர்வரின் கேபிளைப் பிடுங்கிவிட்டுச் சோதனை. ஆட்டோஎஃப்எஸ் ஹோம் பாதையின் மேல் உட்கார்ந்ததும், கணினியிலேயே இருந்த பழைய ஹோம்கள் அதற்கடியில் மறைந்துவிடும். அதனால் உள்ளூர் நிர்வாகக் கணக்கின் ஃபோல்டர் முன்பே வார் பாதைக்கு மாற்றப்பட்டிருந்தது. அந்தக் கணக்கில் லாகின் தடையின்றி நடந்தது.