எத்தனை மார்க்குப் போடலாம்?

இருபது வருஷங்களாகப் பரீட்சைப் பேப்பர் திருத்தி வரும் நமக்கு, எதைக் கண்டாலும் மார்க்குப் போடும் கெட்ட வழக்கம் ஒன்று உண்டு. 2005-ஆம் வருஷம் ஆகஸ்டு 29-ந் தேதி அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரைப் பாழாக்கிய கத்ரீனா புயலைப் பற்றி வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தோம். கடைசிப் பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்து, "புயலுக்குச் சர்க்கார் என்ன ஸார் செய்யும்?" என்று கேட்டான். நியாயமான கேள்விதான்.

காற்றைத் தடுக்க எந்தச் சர்க்காராலும் ஆகாது. ஆனால் அந்நகரை மூழ்கடித்தது காற்றன்று. பல பகுதிகள் கடல் மட்டத்துக்குத் தாழ்ந்த அவ்வூரைக் காத்து நின்ற கால்வாய்ச் சுவர்கள் இடிந்தன. ஐந்தில் நான்கு பங்கு நகரம் தண்ணீரில் ஆழ்ந்தது. சில இடங்களில் வெள்ளம் உச்சியைத் தொடுமுன்பே சுவர் சாய்ந்துவிட்டதாம்! அவற்றைக் கட்டியது ராணுவ இஞ்ஜினீயர் படை, அதாவது, சர்க்காரே.

கேள்வித்தாளும் முன்கூட்டியே கைக்கு வந்ததுதான். 2004-ஆம் வருஷம் ஜூலையில், 'பாம்' என்று கற்பனைப் புயலொன்றுக்குப் பெயரிட்டு, இதே பிரதேசத்துக்காக உத்தியோகஸ்தர்கள் ஒத்திகை பார்த்திருந்தார்கள். அப்படியிருந்தும், ஜனங்கள் கட்டாயம் வெளியேற வேண்டுமென்று மேயர் உத்தரவிட்டது புயலுக்கு முதல் நாள்தான். மோட்டார் உள்ளவர்கள் போனார்கள். இல்லாதவர்களில் ஆயிரக்கணக்கானோர் நகரத்து மகாநாட்டு மண்டபத்தில் சோறு தண்ணீரின்றித் தவித்தார்கள். புயல் அடித்தது திங்கட்கிழமை. அந்த மண்டபத்து ஜனங்களைப் பற்றி மத்திய சர்க்கார் அறிந்ததே இன்றுதான் என்று வியாழக்கிழமை சொன்னார், நிவாரண இலாகாத் தலைவர் மைக்கேல் பிரௌன். மறுநாள் ஜனாதிபதி புஷ் அவரைப் பகிரங்கமாக மெச்சினார்! அடுத்த பத்தாம் நாள் பிரௌன் ராஜிநாமாச் செய்தார்.

பூஜ்யம் போட்டுவிடலாமா? பேனா சற்றுத் தயங்குகிறது. கடலோரக் காவல் படையினர் 33,000 பேருக்கு மேல் மீட்டார்கள். வானிலை இலாகாவினர் ஆபத்தை முன்னதாகவே உரக்கச் சொன்னார்கள். அவர்களும் சர்க்கார்தானே! அவர்களுக்கு முதல் வகுப்புத் தரத் தடையில்லை. பொறுப்பைத் தாமே ஏற்பதாக ஜனாதிபதி 13-ந் தேதி கூறியதற்கும் ஏதோ இரண்டு மார்க்குத் தரலாம். ஆனால் மாண்டவர் ஆயிரத்துக்கு மேல். அவர்களில் பலர் வயோதிகர். அந்த வினாவில் கருணை மார்க்குக்கு இடமில்லை.

"மோட்டார் இல்லாதவர்களுக்குப் பஸ் இல்லையா, ஸார்?" என்றான் அதே பையன்.

நகரத்துப் பள்ளிக்கூடப் பஸ்கள், நிறுத்திய இடத்திலேயே, வரிசை வரிசையாக வெள்ளத்தில் முழுகிக் கிடக்கும் படம் நம்மிடம் இருந்தது. அதை எடுத்துக் காட்டினோம்.