பூஞ்சேரிப் பாறையில் உள்ள பெயர்கள்

சிறுசேரி சிப்காட்டைத் தாண்டித் தெற்கே போகும் சாலையில் படூர், கேளம்பாக்கம், தையூர், திருப்போரூர் என்று ஊர்கள் வரிசையாக வரும். கண்ணாடிக் கட்டடங்கள் குறைந்து பனைமரங்கள் கூடும். ஆலத்தூர், பையனூர் கடந்தால் பூஞ்சேரி; அதற்கு அப்பால் மாமல்லபுரம். கடற்கரைக் கோயிலும் ஐந்து ரதமும் அர்ச்சுனன் தபசும் எல்லோரும் பார்ப்பவை. இந்த முறை நான் போனது இரண்டு பல்லவ அரசர்களின் முகத்தைப் பார்க்க.

கலங்கரை விளக்கம் நிற்கும் குன்றின் மேற்குச் சரிவில் இருக்கிறது ஆதிவராகர் குகைக் கோயில். இன்றும் வழிபாடு நடக்கும் இடம் என்பதால் பூஜை வேளை பார்த்துப் போக வேண்டும். குடைவரைக்கு முன்னால் பிற்காலத்தில் கட்டிய மண்டபம் வெளிச்சத்தைத் தடுக்கிறது. இருட்டுக்குக் கண் பழகும்வரை நின்றால், வடக்குச் சுவரில் ஓர் அரசர் ஆசனத்தில் அமர்ந்திருப்பது தெரியும். இருபுறமும் இரண்டு தேவியர் நிற்கிறார்கள். எதிரே தெற்குச் சுவரில் இன்னோர் அரசர் நின்றபடி, ஒரு கையால் தேவியின் கையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கருவறையைச் சுட்டுகிறார். பின்னால் இன்னொரு தேவி.

இரண்டு சிற்பத்துக்கும் மேலே கிரந்த எழுத்தில் பெயர் பொறித்திருக்கிறார்கள். அமர்ந்திருப்பவர் சிம்மவிஷ்ணு, நிற்பவர் மகேந்திரன். 1926இல் இந்தியத் தொல்லியல் துறை வெளியீடு ஒன்றில் எச். கிருஷ்ண சாஸ்திரி இவர்களைப் பற்றி விரிவாக எழுதினார். தந்தை சிம்மவிஷ்ணுவும் மகன் முதலாம் மகேந்திரவர்மனும் என்பது அவர் முடிவு. நரசிம்மவர்மனும் அவன் மகன் இரண்டாம் மகேந்திரனும்தான் இவர்கள் என்று வாதிடும் அறிஞர்களும் உண்டு. எனக்குக் கிருஷ்ண சாஸ்திரி சொல்வதே சரியென்று படுகிறது. சித்திரகாரப்புலி என்று பட்டம் சூட்டிக்கொண்டவன் முதலாம் மகேந்திரன். மனைவியைக் கைபிடித்து அழைத்து வந்து ‘இதைப் பார்’ என்று காட்டும் அந்த நிலை அவனுக்கே பொருந்துகிறது.

ஆனால் அது அவன் முகம்தானா? உயர்ந்த கிரீடம், கனத்த காதணி, அகன்ற தோள், ஒடுங்கிய இடை எல்லாம் பக்கத்துத் தெய்வச் சிற்பங்களிலும் இருக்கின்றன. இரண்டே கைகள் இருப்பதால்தான் மனிதன் என்று உறுதியாகிறது. ஐந்து ரதத்துக்குப் போகும் வழியில் கல் பொளிந்துகொண்டிருந்த ஒரு மூத்த சிற்பியிடம் இதைக் கேட்டேன்.

“சாமி சிலைன்னா தாளக் கணக்கு இருக்கு சார். முகத்தோட நீளத்தை வெச்சு மத்ததெல்லாம் வந்துடும். தலைவர் சிலைன்னா போட்டோதான் கணக்கு.”

“போட்டோ இல்லாத காலத்துல என்னண்ணே செஞ்சிருப்பாங்க?”

“நேர்ல பார்த்திருப்பாங்க. அதுவும் இல்லேன்னா பேரை எழுதி வெச்சிடுவாங்க.” உளியைக் கீழே வைக்காமலே சொன்னார்.

ஆதிவராகர் குகைச் சிற்பங்களுக்கு ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்குப் பிறகு ஐரோப்பாவில் உருவமும் பெயரும் சேர்ந்த கதை வேறு மாதிரி. ஆண்ட்வெர்ப் நகரிலிருந்து இங்கிலாந்துக்குப் போன ஹான்ஸ் யூவர்த் என்ற ஓவியர் அரச குடும்பத்தாரையும் பிரபுக்களையும் வரைந்து பிழைத்தார். ஸ்காட்லாந்து அரசி மேரியின் வேறு தாய்க்குப் பிறந்த சகோதரர் மோரே பிரபு ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டையும், அவர் மணந்த ஆக்னஸ் கீத்தையும் வரைந்த இணை ஓவியங்கள் அவர் கைவண்ணம் என்கிறார்கள், காலம் 1561. தன் படங்கள் பலவற்றில் அவர் ‘எச்’, ‘ஈ’ என்ற இரண்டு எழுத்துகளை இணைத்து ஒப்பமிட்டிருந்தார். நெடுங்காலம் அதை லூகாஸ் டி ஹீர் என்ற வேறொரு ஓவியரின் குறி என்றே நம்பினார்கள். லயனல் கஸ்ட் என்ற ஆய்வாளர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் உரியவருக்கு உரியதை மீட்டுக் கொடுத்தார்.

அந்த இரண்டு எழுத்து கூட ஆதிவராகர் குகையில் இல்லை. அரசர் பெயர் உண்டு, செதுக்கியவர் பெயர் இல்லை. தேவியர் நால்வர் பெயரும் இல்லை. ஆக்னஸ் கீத்தை இன்றும் பெயர் சொல்லிக் கூப்பிட முடிகிறது; மகேந்திரன் கைபிடித்த பெண்ணை அப்படிக் கூப்பிட முடியவில்லையே என்பது அந்தச் சுவரின் முன் நின்றபோது உண்மையாகவே வலித்தது. ஐந்து ரதத்தில் ஒன்றான தர்மராஜ ரதத்தின் தெற்குப் பக்கத்தில் நரசிம்மவர்மன் என்று கருதப்படும் உருவத்தின் மேலும் பட்டப்பெயர்கள்தான் அடுக்கப்பட்டிருக்கின்றன.

சிற்பிகளின் பெயரைத் தேடிப் போக வேண்டியது பூஞ்சேரிக்கு. நொண்டி வீரப்பன் தொட்டி என்று ஊரார் சொல்லும் பாறைப் பகுதியில் பல்லவர் கால எழுத்தில் சில பெயர்கள் இருக்கின்றன: கேவாத பெருந்தச்சன், குணமல்லன், பய்யமிழிப்பான், சாத்தமுக்கியான். கொல்லன் ஒருவன் பெயரும் உண்டு. உளி மழுங்கினால் கல்வேலை நின்றுவிடும் என்பது தெரிந்தவர்களுக்கு, கொல்லனும் அந்த வரிசையில் இருப்பது வியப்பாக இராது. அரசன் ஆணையிட்டுப் பொறித்த எழுத்தின் மிடுக்கு இவற்றில் இல்லை. வேலை செய்தவர்கள் தங்களுக்காகவே வெட்டிவைத்தவை போலிருக்கின்றன.

இவர்களில் யார் எந்தச் சிற்பத்தைச் செய்தார் என்று இணைக்கும் வரி எங்கும் இல்லை. அரசர்களின் உருவங்கள் குன்றில். தச்சர்களின் பெயர்கள் சில கிலோமீட்டர் தள்ளி. 1957இல் தொடங்கிய சிற்பக் கல்லூரி இதே மாமல்லபுரத்தில்தான் இருக்கிறது. அங்கே சேரும் ஒவ்வொரு மாணவரையும் முதல் வாரத்திலேயே அந்தப் பாறைக்கு அழைத்துப் போக வேண்டும் என்பேன். சுற்றுலாத் துறையின் வழிகாட்டிகளும் அரசர் பெயரைச் சொல்லும்போதே இந்தப் பெயர்களையும் சேர்த்துச் சொல்லட்டும்.

நீங்கள் பழைய மகாபலிபுரம் சாலை வழியாக வருபவராக இருந்தால், பூஞ்சேரி முதலில் வரும். அங்கே இறங்கி, ஊராரிடம் வழி கேட்டு, அந்தப் பெயர்களைப் பார்த்துவிட்டு அரசர்களைப் பார்க்கப் போங்கள்.