பவுன்ஸ் ஆன மெயிலை யார் படிக்கிறார்கள்?

மெயில் அனுப்புவது வேறு, அது போய்ச் சேர்வது வேறு. "அனுப்பிட்டேனே!" என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்ததாக நாம் நினைத்துக்கொள்கிறோம். விடுமுறையில் ஒரு சின்ன கம்பெனிக்குப் பயிற்சிக்குப் போனபோதுதான் எனக்கு இது உறைத்தது. வேலைக்கு விண்ணப்பித்த ஒரு பெண்ணுக்கு இன்டர்வியூ கடிதம் போய்ச் சேரவே இல்லை. திரும்பி வந்த அறிவிப்போ யாருமே திறக்காத ஒரு பெட்டியில் தூங்கிக்கொண்டிருந்தது. பாவம், அந்தப் பெண்ணுக்கு வாய்ப்பு போனது போனதுதான்.

அங்கே சர்வரைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனிடம் நச்சரித்துக் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

பவுன்ஸ் மெயிலில் ஒரு மூன்று இலக்க எண் இருக்கும். 1982-ல் ஜான் போஸ்டல் எழுதிய எஸ்எம்டிபி விதிகளிலிருந்தே இந்த எண்கள் உண்டு. 4-ல் தொடங்கினால் தற்காலிகத் தடங்கல். சர்வர் தானே திரும்பத் திரும்ப முயலும், பொதுவாக நான்கைந்து நாள் வரை. 5-ல் தொடங்கினால் மறுப்பு. 550 என்றால் பெரும்பாலும் அந்த முகவரியே இல்லை, அல்லது எதிர் சர்வர் நம்மை நம்பவில்லை. காரணத்தைச் சரிசெய்யாமல் மறுபடியும் அனுப்பினால் நம் சர்வரின் பெயர்தான் கெடும். செத்துப்போன முகவரிகளைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவதே நல்லது.

நம்மை நம்ப வைக்க மூன்று வழிகள். நம் பெயரில் எந்தெந்த சர்வர் அனுப்பலாம் என்று சொல்வது எஸ்பிஎஃப். மெயிலில் கையெழுத்து போடுவது டிகேஐஎம். இவற்றில் தேறாத மெயிலை என்ன செய்வது என்று சொல்வது டிமார்க். ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரே நாளில் 5000-க்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு 2024 பிப்ரவரியிலிருந்து மூன்றும் கட்டாயம். குறைவாக அனுப்புகிறவர்களும் முதல் இரண்டில் ஒன்றையாவது வைத்திருக்க வேண்டும்.

இன்னொன்று, இணைப்புக் கோப்பு. மெயிலில் ஏறும்போது அது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெருத்துவிடும். 20 எம்பி கோப்பு 27 எம்பி ஆகிவிடும். 25 எம்பி வரம்புள்ள சர்வர் அதைத் திருப்பி அனுப்பிவிடும்.

இத்தனையும் செய்தாலும் மெயில் ஸ்பேமில் போய் விழலாம். அப்போது பவுன்ஸ்கூட வராது. அதனால் முக்கியமான கடிதம் என்றால் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுவது உத்தமம்.

சரி, உங்கள் அலுவலகத்தில் பவுன்ஸ் மெயில் யாருக்குப் போகிறது? நாளைக்கே விசாரியுங்கள். "தெரியலையே" என்று பதில் வந்தால் முதலில் அந்த வேலைக்கு ஓர் ஆளைப் போடச் சொல்லுங்கள்.