கையைத் தொங்கப் போடுங்க தம்பி!

மரவேலை கற்றுக்கொள்ளக் கிளம்புகிறவர்கள் முதலில் வாங்குவது ரம்பம், உளி, இழைப்புளி. எல்லாம் வந்து இறங்கிய பிறகுதான், 'இதையெல்லாம் எதன் மேல் வைத்து வேலை செய்வது?' என்ற கேள்வியே பிறக்கும். எங்கள் திருநகர் வீட்டுக் கொல்லைப்புறத் தகரக் கொட்டகையிலும் அது பிறந்தது.

இங்கிலீஷ் புத்தகங்களைப் புரட்டினால் பெரும்பாலும் 34 முதல் 36 அங்குலம் என்கிறார்கள். ஆறடி வெள்ளைக்காரருக்குச் சரி. அஞ்சடி நாலு அங்குலம் இருக்கிற எனக்கு அதன் பெயர் மேஜை இல்லை, மதில் சுவர்!

திருமங்கலம் பக்கமிருந்து வருகிற ஆசாரி அண்ணனைக் கேட்டேன். அறுபதைத் தாண்டியவர். தரையில் உட்கார்ந்து, பலகையைக் காலால் அமுக்கிக்கொண்டே ஊர்ப்பட்ட கதவும் நிலையும் செய்தவர். நம்மூர்த் தச்சுக்குத் தரைதான் மேஜை, கால்தான் வைஸ். நாம் மட்டுமில்லை. ரோமானியர்கள் முழங்கால் உயரப் பெஞ்சில், மரத்தின் மேலேயே ஏறி உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறார்கள்.

"அப்ப எனக்கும் தரையே போதும்ல அண்ணே?"

"முட்டி போயிரும் தம்பி. எனக்குப் போயிருச்சுல்ல? டவுன் பஸ்ஸுல ஏறவே ஆள் பிடிச்சு விட வேண்டியிருக்கு" என்றவர், அடிக்கோலை எடுத்தார். "வேலை செய்யும்போது போடுற செருப்பைப் போட்டுக்கிட்டு நேரா நில்லுங்க. கையைத் தொங்கப் போடுங்க."

போட்டேன். தரையிலிருந்து முஷ்டி வரை அளந்தார். 28 அங்குலம்.

"இழைக்கிறதுக்கு இதான் உங்க உசரம்."

காரணமும் சொன்னார். இழைப்புளியைத் தள்ளுவது கை இல்லையாம், உடம்பு. மேஜை தாழ்வாக இருந்தால் உடம்பு கனம் முழுக்க இழைப்புளி மேல் இறங்கும். உசந்து போனால் தோள்பட்டை மட்டும் தனியாக மல்லுக்கட்டும்; சாயங்காலம் சட்டையைக் கழற்றக்கூட கை தூக்க முடியாது. கரண்டில் ஓடுகிற மெஷினுக்கு இந்தக் கனம் தேவையில்லை, அதனால் அதற்கு மேஜை கொஞ்சம் உசந்தால் பாதகமில்லை.

செதுக்கல், ஜாயின்ட் வெட்டுதல் மாதிரி நுணுக்கமான வேலைக்கு மட்டும் கணக்கே வேறு. அது கண்ணுக்குக் கிட்டே வரணும். முழங்கைக்கு ரெண்டு மூணு அங்குலம் கீழே, அதாவது எனக்கு 37.

"அப்ப ரெண்டு மேஜையா?" பி.காம். மூளை செலவுக் கணக்கில் இறங்கியது.

"எதுக்கு? ஒம்போது இஞ்சு உசரத்துல கனமா ஒரு பெட்டி அடிச்சு மேல வச்சுக்கங்க. மேஜைக் காலை இப்போதைக்கு 30 வைப்போம். ஒரு மாசம் வேலை பாருங்க, அப்புறம் அறுத்துக்கலாம். மிச்சமிருந்தா அறுக்கலாம், பத்தலைன்னா ஒட்டவா முடியும்?"

காபி கொண்டு வந்த என் மனைவி தம்ளரை வைத்துவிட்டு நகரவில்லை.

"அண்ணே, என்னையும் அளங்க."

அவள் என்னைவிட ரெண்டு அங்குலம் உயரம். (கல்யாண ஆல்பத்தில் நாங்கள் உட்கார்ந்தே இருப்பதை யாரும் இதுவரை கவனித்ததில்லை.) அண்ணன் முழங்கைவரை அளந்தார். நாற்பத்தொன்றரை. காய் நறுக்க அதற்கு நாலு அங்குலம் கீழே பலகை இருந்தால் முதுகு வளையாது. அடுப்படிக்குள் போய் மேடையை அளந்தார். 30.

"ஏழரை இஞ்சு குனிஞ்சே நின்னிருக்கியே தாயி. எத்தனை வருசமா?"

"பதினொண்ணு."

பாத்திரம் தேய்க்கிற தொட்டியின் அடி அதற்கும் ஆறு அங்குலம் பள்ளம். ராத்திரி அவள் முதுகில் தைலம் தேய்த்துக்கொள்வதை நான் வயசுக் கணக்கில் எழுதியிருந்தேன். இந்த வீட்டைக் கட்டியவர் யாரோ, கொத்தனார் யாரோ. யார் உயரத்துக்கு அந்த மேடையோ!

"அடுப்பு அப்படியே இருக்கட்டும். பெரிய பானை ஏத்தினா அதுவே உசந்துரும். நறுக்குற இடத்துக்கும் தொட்டிக்குள்ளயும் ரெண்டு பெட்டி அடிச்சிருவோம்" என்றார். கொட்டகைக்குத் திரும்பி, மேஜைக்கென்று நான் வாங்கி வைத்திருந்த வேப்பம்பலகையில் பென்சிலால் கோடு போட ஆரம்பித்தார்.

"தம்பி மேஜை அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

என்னிடம் கேட்கவில்லை. அவளிடம்தான் சொன்னார்.