நாரைக்கு ஒரு நியாயம், பாட்டிக்கு ஒரு நியாயமா?

காலையில் காவேரிப்பாக்கம் ஏரியில் பறவையைப் பிடிக்கிற கேமராதான் மாலையில் ராணிப்பேட்டையில் குடும்பப் படமும் எடுக்கிறது. நாரைக்காக மணிக்கணக்கில் அசையாமல் காத்திருக்கும் படக்காரர், பாட்டியிடம் மட்டும் "சிரிங்க, முகத்தைத் தூக்குங்க" என்று அதட்டுகிறார். இந்த இரட்டை நியாயம் எனக்கு ஒப்பவில்லை. எழுத்தாளர் அ. மாதவையாவின் மகனும் காட்டுயிர்ப் படக்கலைஞருமான மா. கிருஷ்ணன் (1912–1996), தானே பாகங்களைக் கோத்துச் செய்த கேமராவில், கறுப்பு வெள்ளையிலேயே யானைகளைப் படமெடுத்தவர். அவர் படங்களில் விலங்கு அதன் காட்டோடு நிற்கும். மனிதருக்கும் அது பொருந்தும்தானே? தோல் கம்பெனியில் முப்பது வருஷம் உழைத்துக் காய்த்த கையை மறைத்து, பிளாஸ்டிக் ரோஜாத் திரைக்கு முன்னால் நிறுத்தி எடுத்தால் அது யாருடைய படம்?

"காசு கொடுக்கிறவர் அழகாகத் தெரியத்தானே வருகிறார்" என்பார்கள். சரிதான், நாரை பிரதி கேட்பதில்லை, வாடிக்கையாளர் கேட்பார். (ஆல்பத்தை மாமியார் வீட்டுக்கும் காட்ட வேண்டும்!) அதனால் ரோஜாத் திரைக்கு முன்னால் ஒரு படத்தையும் எடுத்துக் கொடுக்கலாம். ஆனால் போஸ் கலைந்து பேரன் மடியில் ஏறுகிற நொடியில் கேமராவை இறக்கிவிடக் கூடாது. வாடிக்கையாளர் கூட்டத்தில் அதற்கெல்லாம் நேரமில்லை என்பது அரைச் சாக்கு. காத்திருக்கத் தெரியாதவர் ஏரிக்கரைக்கே போயிருக்க மாட்டாரே.