ரத்தம் சிந்தாத மர்மம்

ஐப்பசி, செவ்வாய்க்கிழமை

கண்புரை சிகிச்சை முடிந்து, இனிப் புஸ்தகம் படிக்கலாம் என்று வைத்தியர் உத்தரவு கொடுத்துவிட்ட உற்சாகத்தில், அத்தை இன்று என்னிடம் ஒரு விண்ணப்பம் வைத்தாள். மர்மக் கதை வேண்டும். ஆனால் வெட்டும் குத்தும் கூடாது. நடுநடுவே சிரிப்பும் வரவேண்டும். “ரத்தமெல்லாம் தினம் பேப்பர்லயே வருதேப்பா, அதுக்கு எதுக்குத் தனியா ஒரு புஸ்தகம்?” என்றாள்.

நியாயமான கேள்விதான். மேல்நாட்டில் இதற்கென்றே ஒரு தனிக் கதை மரபு உண்டு. அகதா கிறிஸ்டி, 1930இல் வெளிவந்த ஒரு நாவலில், செயின்ட் மேரி மீட் என்னும் கற்பனைக் கிராமத்துக் கிழவியான மிஸ் மார்ப்பிளைக் குற்றவாளியைக் கண்டுபிடிக்க வைத்தார். கொலை விழுந்தாலும் அதன் கோரத்தில் லயிக்காமல், அண்டை வீட்டாரின் வம்பிலும், தோட்டத்திலும், தேநீர் மேஜையிலும் கவனத்தைச் செலுத்தி, வாசகனைக் கலவரப்படுத்தாமலே கடைசிப் பக்கத்துக்குக் கொண்டு சேர்ப்பது இந்த வகையின் சாமர்த்தியம். தமிழில் அப்படி என்ன இருக்கிறது என்று யோசித்துக்கொண்டே படுத்தேன்.

வியாழக்கிழமை

மழை சற்று விட்டதும் கிளை நூலகத்துக்குப் போனேன். தமிழ்த் துப்பறியும் கதையின் ஆதிகர்த்தாக்களில் ஒருவரான குப்புசாமி முதலியார், நம் ஜில்லாவின் ஆரணியையே பெயரோடு சுமந்தவர். ஜே. ஆர். ரங்கராஜுவின் துப்பறியும் கோவிந்தனும், வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியாரும் அந்தக் காலத்தில் அடைந்த கீர்த்தி சாமானியமானதன்று. அந்தக் கதைகளில் ஹாஸ்யம் தலைகாட்டாமல் இல்லை. ஆயினும் சதியும் சாகசமும் முன்னே நிற்க, ஹாஸ்யம் வாசற்படியோடு நின்றுவிடுகிறது. தமிழ்வாணனின் சங்கர்லாலோ சிரிப்புக்கு இடம் கொடாத கம்பீர புருஷர். அத்தைக்கு இவர்கள் ஆகமாட்டார்கள்.

கடைசியில் கைக்கு வந்தது, அட்டை கிழிந்து மறுபடி பைண்டு செய்யப்பட்ட ‘துப்பறியும் சாம்பு’. முதலிலேயே இது நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை

அத்தைக்கு முன்னால் நானே இரண்டு நாளாகப் படித்துத் தீர்த்துக்கொண்டிருக்கிறேன். தேவன் என்ற புனைபெயரில் இதை எழுதிய ஆர். மகாதேவன், 1913இல் திருவிடைமருதூரில் பிறந்து, ஆனந்த விகடனில் பல்லாண்டு உழைத்து, 1957இல், நாற்பத்து நான்கு வயது நிறையுமுன்னரே காலமானவர். 1940களில் விகடனில் அவர் உலவவிட்ட சாம்புவோ, பாங்கிக் குமாஸ்தாவாக இருந்து, புத்தி மட்டு என்று எல்லோராலும் தீர்மானிக்கப்பட்ட மனிதர். அவர் திகைத்து நின்றால் அது தீவிர யோசனையாகவும், உளறினால் சூட்சுமமாகவும், தடுக்கி விழுந்தால் திருடன்மேல் பாய்ந்ததாகவும் இன்ஸ்பெக்டர் கோபாலனுக்குத் தோன்றிவிடுகிறது.

இங்கேதான் மார்ப்பிளுக்கும் சாம்புவுக்கும் உள்ள பேதம் எனக்குப் புலப்பட்டது. கிழவிதானே என்று உலகம் அலட்சியம் செய்யும்போது உள்ளுக்குள் கூர்மையாக இருப்பவள் அவள். மகா மேதை என்று உலகம் கொண்டாடும்போது உள்ளே ஒன்றுமே இல்லாதவர் இவர். மர்மக் கதையின் ஆதாரமே அறிவின் வெற்றி என்று சத்தியம் செய்கிறவர்கள் மத்தியில், அந்த ஆதாரத்தையே உருவிக்கொண்டு, கதை விழாமல் நிற்கும்படி செய்துகாட்டிய துணிச்சலுக்காகவே தேவனை நான் மிஸ் மார்ப்பிளைப் படைத்தவருக்கு ஒரு படி மேலாக வைப்பேன். குற்றம் செய்தவன் யார் என்பதைவிட, ஓர் அசடனுக்குக் கீர்த்தி எவ்வாறு வந்து சேருகிறது என்பதே அவர் அவிழ்த்துக் காட்டும் மர்மம். (பஞ்சாயத்து முதல் பார்லிமெண்டு வரையில் எத்தனை சாம்புகள் என்று எண்ணத் தொடங்கினால் தூக்கம் கெடும்.)

திங்கட்கிழமை

அத்தை சிரித்த சப்தம் தெருவரை கேட்டது. சாம்புவின் மனைவி வேம்பு வந்த பிறகுதான் கதை களை கட்டுகிறது என்பது அவள் அபிப்பிராயம். பிற்காலத்தவரையும் பரீட்சிக்கலாமே என்று சுஜாதாவின் கணேஷ்–வசந்த் கதையொன்றையும், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலா மாத நாவல் ஒன்றையும் கொடுத்தேன். வசந்தின் குறும்புக்குச் சிரித்தாள். பிணத்தைக் கண்டதும் மூடிவிட்டாள். சுசீலாவின் பனியன் வாசகங்களைப் பற்றி அவள் சொன்னதை இங்கே எழுதுவதற்கில்லை.

“இவங்கல்லாம் ஏன் மெட்ராஸ்லயே துப்பு துலக்கறாங்க? நம்ம கீழ்பென்னாத்தூர்ல ஒண்ணும் நடக்காதா?” என்று கேட்டாள்.

“இங்கே நடந்தா, செஞ்சி பஸ் வர்றதுக்குள்ள டீக்கடையில ஆள் பேரே தெரிஞ்சிடுமே அத்தை, எழுதறவன் மீதிப் பக்கத்துக்கு என்ன பண்ணுவான்?” என்றேன்.

அவள் அதை ஒப்பவில்லை. ஆள் பெயர் தெரிவது வேறு, அதை வாய்விட்டுச் சொல்வது வேறாம். எல்லோருக்கும் தெரிந்தும் ஒருவரும் சொல்லாத சமாசாரம் நம் தெருவிலேயே மூன்று கிடக்கிறதாம். எவையென்று எவ்வளவு கெஞ்சியும் வாய் திறக்கவில்லை. தேவனின் ‘ஜஸ்டிஸ் ஜகந்நாதன்’ கொண்டுவந்தால் ஒன்றை மட்டும் சொல்வதாக வாக்களித்திருக்கிறாள். ஞாயிறன்று திருவண்ணாமலைக்குப் போய் அந்தப் புஸ்தகத்தைத் தேட வேண்டும்.